பத்தில் எட்டு பேர்

(வேலைக்குச் சேர்ந்திருக்கும், சேரக் காத்திருக்கும் நம் இளைஞர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் வாசனை போகாமல் இருக்கட்டும் என்று அதிகம் திருத்தவில்லை.)



கவிதை வாசிப்பேன் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளணும். இன்றைக்குக் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். 'டெசிஷன் தியரி' என்று ஒரு துறை இருக்கிறது. தமிழில் முடிவெடுப்புக் கோட்பாடு எனலாம். முழுத் தகவலும் கையில் இல்லாதபோது, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதபோது, இருக்கிற வழிகளில் எதைத் தேர்வது என்று ஒழுங்காக யோசிக்கிற முறை அது. மேலாண்மைக் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். வங்கி ஊழியர்கள் எழுதுகிற தேர்வுகளிலும் நிகழ்தகவு, மாதிரி எடுத்தல் என்று அதன் ஓரம் வந்துபோகும். தேர்வு முடிந்ததும் எல்லோரும் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுவார்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

சாதி என்பதற்கு எத்தனையோ விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்று சொல்கிறேன். ஒருவர் பிறப்பதற்கு முன்பே அவருக்காக எடுக்கப்பட்டுவிட்ட முடிவுகளின் மூட்டை சாதி. எந்தத் தெரு, எந்தத் தொழில், எந்தக் கிணறு, யாரோடு கல்யாணம், எந்தச் சுடுகாடு, எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட்டது. நம் தாத்தா பாட்டிகளுக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. யோசித்து என்ன செய்வது? தேர்ந்தெடுக்க இரண்டு வழி இருந்தால்தானே முடிவு என்கிற சொல்லுக்கே அர்த்தம். நாமோ முதல் தலைமுறையாக ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். நம் கையெழுத்துக்காகச் சிலர் காத்திருக்கிறார்கள். நம் பெயர் உள்ள ஃபைல் மேல் வேறு சிலர் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1654இல் பிரான்சில் பாஸ்கல், ஃபெர்மா என்கிற இரண்டு பேர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சூதாட்டம் பாதியில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. நிகழ்தகவுக் கணக்கு அங்கே சூடுபிடித்தது. 1738இல் டேனியல் பெர்னூலி, பணத்தின் அளவு வேறு, அது ஒரு மனிதனுக்குத் தருகிற பயன் வேறு என்றார். 1763இல், தாமஸ் பேய்ஸ் என்கிற பாதிரியார் செத்த பிறகு, அவருடைய கட்டுரை அச்சானது. புதுச் செய்தி வந்தால் பழைய நம்பிக்கையை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கான வழி அதில் இருந்தது. 1944இல் ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும், 1954இல் சாவேஜும் இதையெல்லாம் ஒரு கட்டடமாக எழுப்பினார்கள். போதும். இனி நம்ம கவுண்டருக்கு வருவோம்.

1

ஒருத்தர் இரண்டு எருமை மாடு வாங்க ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டு வருகிறார். எண்கள் நான் கற்பனையாகப் போடுபவை. கடன் ஒழுங்காகத் திரும்பினால் வங்கிக்கு 6,000 ரூபாய் லாபம். திரும்பாவிட்டால், வசூல் ஆனது போக 30,000 நஷ்டம். கொடுக்கலாமா?

'ஆள் எப்படி?' என்றுதான் நாம் முதலில் கேட்போம். கோட்பாடு அதைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்கிறது: எத்தனை பேரில் எத்தனை பேர் கட்டினால் வங்கிக்குச் சரிக்குச் சரி? ஆறு பேருக்குக் கொடுத்து, ஐந்து பேர் கட்டினால் லாபம் 30,000. ஒருவர் கட்டாததால் நஷ்டம் 30,000. சரியாப் போச்சு. ஆக, வாசற்படி ஆறில் ஐந்து, நூற்றுக்கு 83 சொச்சம். வந்தவர் கட்டுவதற்கான வாய்ப்பு அதற்கு மேலே இருந்தால் கொடுக்கலாம், கீழே இருந்தால் கூடாது. 'ஆள் எப்படி' என்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது அரசாங்கம் ஓர் உத்தரவாத நிதியை வைத்து, நஷ்டத்தில் நூற்றுக்கு 80ஐ நான் ஏற்கிறேன் என்கிறது என்று வையுங்கள். குறு, சிறு தொழில் கடன்களுக்கு 2000இல் அப்படியொரு நிதியம் தொடங்கத்தான் செய்தார்கள். வங்கியின் நஷ்டம் 30,000லிருந்து 6,000 ஆகிறது. வாசற்படி பாதிக்குப் பாதி என்று இறங்கிவிடுகிறது. பாதிப் பேர் கட்டாவிட்டாலும் பரவாயில்லை, அள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிதியத்தின் பணமும் பொதுப்பணம்தான். ஆனால் அந்த உத்தரவாதத்தையும் வாங்கிக்கொண்டு, 'நிலம் இருக்கா, ஜாமீன்தாரர் இருக்கா' என்று பழைய வாசற்படியிலேயே நிற்கிறவர் ஒரே ஆபத்தை இரண்டு தரம் எண்ணுகிறார். இதைச் சொல்ல நமக்குக் கோபம் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

சரி, கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் கை ஏன் வர மறுக்கிறது? ஏனென்றால் மேசையில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று வங்கியின் கணக்கு. இன்னொன்று கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் சொந்தக் கணக்கு. கடன் கட்டப்பட்டால் அவருக்குத் தனியாக ஒன்றும் வராது, பூஜ்ஜியம். கட்டாவிட்டால் மெமோ, விளக்கம், ப்ரமோஷனில் கை வைப்பு, மைனஸ். கொடுக்காமல் அனுப்பிவிட்டால்? பூஜ்ஜியம். போட்டுப் பாருங்கள், வாய்ப்பு நூற்றுக்கு 99 என்றாலும் 'இல்லை' என்பதுதான் ஜெயிக்கும். ஒரு பக்கம் மைனஸ் இருக்கிறது, ஈடுகட்ட மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

அப்புறம் எப்படிச் சிலருக்கு மட்டும் அதே மேசையில் கடன் கிடைக்கிறது? அறிமுகமானவர் என்றால் 'கட்டினால்' என்கிற கட்டத்தில் பூஜ்ஜியம் இருக்காது. கல்யாணப் பத்திரிகை இருக்கும், கோயில் கமிட்டி இருக்கும், ஊர்ப் பெருமை இருக்கும். சாதி என்பது அந்த மேசையில் வெறுப்பாக மட்டும் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் விழுகிற கூடுதல் மதிப்பெண்ணாக வேலை செய்கிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்தால் நம்மாளுங்க இல்லை.

இங்கேதான் இலக்கு வருகிறது. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு முன்னுரிமைத் துறைக் கடன் என்று ஒரு பிரிவு உருவாகி, மொத்தக் கடனில் நூற்றுக்கு 40 என்று இலக்கு வந்தது. அதற்குள் நலிந்த பிரிவினருக்குத் தனிப் பங்கு. 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. இந்த இலக்குகளைச் 'சலுகை' என்று முணுமுணுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதிகாரியின் சொந்தக் கணக்கில் 'கொடுக்காவிட்டால்' என்கிற கட்டம் காலியாகக் கிடந்தது. இலக்கு அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டது. அவ்வளவுதான். இட ஒதுக்கீட்டையும் இந்தக் கண்ணாடி போட்டு ஒருமுறை பாருங்கள்.

2

இனி பேய்ஸ் பாதிரியாரிடம் போவோம்.

எந்த அலுவலகத்திலும் டீ நேரத்தில் ஒரு வாக்கியம் காதில் விழும். 'கட்டாதவன் லிஸ்ட்டை எடுத்துப் பாரு, பத்துல எட்டு பேரு அந்தப் பக்கத்து ஆளுங்கதான்.' எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள், கை மட்டும் ஒரு திசையைக் காட்டும். நம்மில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, சுருக்கென்று கோபம் வந்து எழுந்து போய்விடுவோம். இல்லையென்றால், தகவல் உண்மையாக இருந்துவிடுமோ என்று உள்ளுக்குள் கூனிப் போவோம். இரண்டும் வேண்டாம். அந்த வாக்கியத்தை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

நூறு பேருக்குக் கடன் கொடுத்தாச்சு. 90 பேர் கட்டிவிட்டார்கள், 10 பேர் கட்டவில்லை. கட்டாத 10 பேரில் 8 பேர் 'அந்தப் பக்கம்'. ஒத்துக்கொண்டோம். ஆனால் கட்டிய 90 பேரில் எத்தனை பேர் அந்தப் பக்கம் என்று யாராவது கேட்டார்களா? சிறு கடன் திட்டம், கடன் வாங்கியவர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான், 60 பேர் என்று வைப்போம். ஆக, அந்தப் பக்கத்திலிருந்து வாங்கியவர்கள் 68. கட்டியவர்கள் 60. வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு 88. மறுபக்கம் 32 பேர் வாங்கி 30 பேர் கட்டியிருக்கிறார்கள், நூற்றுக்கு 94 சுமார். வாசற்படி என்ன? 83. இரண்டு பக்கமும் வாசற்படிக்கு மேலே நிற்கிறது! இரண்டு பக்கத்துக்கும் கொடு என்பதுதான் கணக்கு சொல்லும் முடிவு. அந்த ஆறு புள்ளி வித்தியாசம்கூட ஏன் என்று தோண்டினால் நிலமின்மை, மழைக்காலத்தில் வேலையின்மை என்று வேறு காரணங்கள் கிளம்பும். அது அடுத்த கதை.

'கட்டாதவரில் பத்துக்கு எட்டு பேர் அந்தப் பக்கம்' என்பதும், 'அந்தப் பக்கத்தவரில் பத்துக்கு எட்டு பேர் கட்டமாட்டார்கள்' என்பதும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, இரண்டாவதை நம் மனசில் ஏற்றிவிடுகிறார்கள். தலை கீழாகவும் கால் மேலாகவும் திருப்பிய வாக்கியம் அது. சிறைக் கணக்கு, பள்ளித் தேர்ச்சிக் கணக்கு, மதுக்கடை வரிசை என்று நம்மைப் பற்றிச் சொல்லப்படுகிற எத்தனையோ 'புள்ளிவிவரம்' இந்தத் திருப்பலில்தான் உயிர் வாழ்கிறது. தொகுப்பில் நாம் ஏற்கெனவே எவ்வளவு பேர், அதாவது அடிப்படை விகிதம் என்ன, என்று கேட்ட உடனே அதற்கு மூச்சு முட்டும்.

ஏன் இந்தத் திருப்பல் இவ்வளவு சுலபமாக நடக்கிறது? டிவெர்ஸ்கி, கானிமன் என்கிற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைப் பேசியிருக்கிறார்கள். மனசுக்குச் சட்டென்று ஞாபகம் வருவதை, அடிக்கடி நடப்பது என்று மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாசாமாசம் தேதி தவறாமல் வந்து பணம் கட்டுகிற பெண்ணின் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? வீடு தேடிப் போயும் அகப்படாத ஒரே ஆளின் முகம் இருபது வருஷம் நிற்கும். அந்த ஒரே ஆள் ஒரு தெருவுக்கே முகமாகிப் போவார்.

3

'எனக்கு முப்பது வருஷ சர்வீஸ், முகத்தைப் பார்த்தாலே சொல்லிடுவேன்.' இப்படிச் சொல்கிற பெரியவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. மரியாதையோடு அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். கொடுத்தோம், கட்டினார். கொடுத்தோம், கட்டவில்லை. மறுத்தோம், கொடுத்திருந்தால் கட்டியிருப்பார். மறுத்தோம், கொடுத்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டார். முப்பது வருஷத்தில் அவர் பார்த்தது முதல் இரண்டு கட்டங்களை மட்டும்தான். மறுக்கப்பட்டவர் வெளியே போய் என்ன ஆனார் என்று எந்த லெட்ஜரும் எழுதி வைப்பதில்லை. கந்துவட்டிக்கு வாங்கி, அதையும் கட்டி, பிள்ளையைப் படிக்க வைத்த அம்மா அந்தக் காலிக் கட்டத்தில் இருக்கிறாள். தவறான மறுப்பு தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. அதனால் அனுபவம் ஏற ஏற அறிவு வளராமல் தைரியம் மட்டும் வளர்கிறது.

இந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆபிரகாம் வால்ட். யூதர். வியன்னாவில் கணிதத்தில் பெரிய ஆள், ஆனால் யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. 1938இல் தப்பி அமெரிக்கா போனார். பின்தங்கிய குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது போர்விமானங்களின் எந்தப் பகுதிக்குக் கவசம் கூட்டுவது என்கிற ஆராய்ச்சியில் இருந்தார். திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை வைத்துக் கணக்கிட வேண்டும். துளை அதிகம் உள்ள இடத்தில் கவசம் போடு என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு வேறு. நாம் பார்ப்பது திரும்பி வந்தவற்றை. அந்த இடங்களில் அடி வாங்கியும் அவை திரும்பி வந்துவிட்டன. துளையே இல்லாத இடங்களில் அடி வாங்கியவை திரும்பி வரவே இல்லை. கவசம் அங்கேதான் தேவை.

புள்ளியியல் முடிவுக் கோட்பாடு என்று இன்று சொல்லப்படுவதற்கு அடித்தளம் போட்டவரும் அவர்தான். அது பற்றிய அவருடைய நூல் 1950இல் வந்தது. அதே வருஷம் டிசம்பரில், இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்கு வந்தவர், விமான விபத்தில் மனைவியோடு செத்துப்போனார். எங்கே தெரியுமா? நம்ம நீலகிரி மலையில். திரும்பி வராத விமானங்களைப் பற்றி யோசித்தவர் திரும்பி வராத விமானம் ஒன்றில் போனார். நான் இதைப் படித்த அன்றைக்கு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறந்த குலத்துக்காக வேலை மறுக்கப்பட்ட ஒருவர், மறுக்கப்பட்டவற்றையும் கணக்கில் சேர்க்கிற வழியைக் கொடுத்துவிட்டு, நம்ம மண்ணில் விழுந்திருக்கிறார்.

நடைமுறைக்கு வருவோம். தலித், பழங்குடியினர் கடன் விண்ணப்பங்களைக் கிளை அளவிலேயே நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலையில்தான் நிராகரிக்க வேண்டும், காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளில் இருக்கிறது. சிறு கடன் கேட்பவருக்கு மறுப்பின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2003இல் வந்த நேர்மை நெறிமுறைகளிலும் இருக்கிறது. இவையெல்லாம் காலிக் கட்டத்தில் ஏதாவது எழுத வைக்கிற முயற்சிகள். இதற்கு எதிராகக் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரம் என்ன? விண்ணப்பத்தையே வாங்காமல் இருப்பது. 'அடுத்த மாசம் வா பாக்கலாம்.' விண்ணப்பம் இல்லை, ஆகவே நிராகரிப்பும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகள் செய்யக் கூடிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. வருகிற விண்ணப்பத்தை வாங்கி, தேதி போட்டு, எண் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுப்பது. அதற்கு அதிகாரியாக வேண்டியதில்லை. கிளார்க்கின் ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

4

இதுவரை மேசைக்கு உள்பக்கம். இனி நம் சொந்த முடிவுகள்.

எங்கம்மா ஏலச்சீட்டு கட்டுவாங்க. இருபது பேர், மாசம் ஆயிரம், மொத்தம் இருபதாயிரம். ஒரு ஜூன் மாசம் ஐயாயிரம் தள்ளிச் சீட்டை எடுத்தாங்க, கையில் வந்தது பதினைந்தாயிரம். கடைசி மாசம் வரை பொறுத்திருந்தால் கிட்டத்தட்ட முழுசும் வந்திருக்கும். பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த நான் நஷ்டக் கணக்கு சொன்னேன். அம்மா சொன்னது: 'ஜூன் மாசத்துப் பதினஞ்சாயிரம் உனக்கும் உன் தங்கச்சிக்கும் படிப்பு. அடுத்த வருசத்து இருபதாயிரம் வெறும் இருபதாயிரம்.' பெர்னூலி 1738இல் எழுதியதைத்தான் அம்மா சீட்டுப் பிடிக்கிற அக்கா வீட்டுத் திண்ணையில் செய்துகொண்டிருந்தாங்க. பணத்தின் மதிப்பு அது யார் கையில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் பெண்களின் இந்த அறிவுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இடமில்லை.

1979இல் கானிமனும் டிவெர்ஸ்கியும் இன்னொன்று காட்டினார்கள். நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வலி பெரிது. அதனால் மனிதர்கள் நஷ்டத்துக்குப் பயந்து நல்ல வாய்ப்பையும் விடுகிறார்கள் என்று மேலாண்மை வகுப்பில் சொல்வார்கள். நாம் இதை அப்படியே விழுங்கக் கூடாது. கீழே விழுந்தால் தாங்கிப் பிடிக்க அப்பன் சொத்து உள்ளவனுக்கு நஷ்ட பயம் ஒரு மனக்கோளாறாக இருக்கலாம். தாங்க ஒன்றும் இல்லாதவருக்கு அது சரியான கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: 'இது தோற்றால் எங்க வீட்டில் எது நின்றுபோகும்?' மாத்திரை நிற்கும், தங்கை படிப்பு நிற்கும் என்று பதில் வந்தால், அது உண்மையான நஷ்டம், தாளில் எழுது. 'நாலு பேர் சிரிப்பாங்க' என்பது மட்டும்தான் பதில் என்றால், அது பழைய பயம், அதற்குக் குறைந்த எண்ணைப் போடு.

எங்களில் நிறைய கிளார்க்குகள் அதிகாரித் தேர்வு எழுதுவதில்லை. மேலே போகப் பயப்படுகிறவர்கள் என்று நம் இயக்கத் தோழர்களே கேலி செய்கிறார்கள். கேலி வேண்டாம், தாளை எடுங்கள். எழுதுவது, எழுதாமல் இருப்பது என்று இரண்டே வழி என நினைக்கிறோம். இந்த வருஷம் எழுதலாம், இரண்டு வருஷம் கழித்து எழுதலாம், பக்கத்து மாவட்டத்தில் இடம் கிடைக்க என்ன விதி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு எழுதலாம். கடைசி மூன்று பட்டியலில் பதவி உயர்வு பெற்றவர்களை எங்கே போட்டார்கள் என்று சங்கத்தில் கேட்டால் ஒரு நாளில் தெரிந்துவிடும். இதைத் தகவலின் மதிப்பு என்கிறார்கள். பதில் எப்படி வந்தாலும் என் முடிவு மாறாது என்றால் அந்தத் தகவலுக்கு அலைய வேண்டாம். மாறும் என்றால் ஒரு நாள் சம்பளம் போனாலும் அலையலாம். என் தாளில் இந்த வருஷம் 'வேண்டாம்' என்று வந்தது. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அடுத்த வருஷம் அதே தாளை மறுபடியும் எடுப்பேன். எண்கள் மாறினால் முடிவும் மாறும்.

இங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கசப்பான ஒன்று. ஆறு வருஷம் படித்தாச்சு, இப்போ விட்டால் ஆறு வருஷமும் வீண் என்கிறோம். கோட்பாடு ஈவிரக்கமில்லாமல் சொல்கிறது: போன ஆறு வருஷம் எந்த வழியில் போனாலும் திரும்பி வராது, ஆகவே அது எந்தக் கட்டத்திலும் வராது. இனி வரப்போகிற ஒரு வருஷத்தை மட்டும் எடை போடு. குடிமைப் பணித் தேர்வில் நமக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். போராடிப் பெற்ற கதவு அது, திறந்தே இருக்கட்டும். ஆனால் திறந்திருக்கிற கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாம்தான் முடிவு செய்யணும். அதைத் தோல்வி வந்த ராத்திரியில் முடிவு செய்யக் கூடாது. படிக்கத் தொடங்கும்போதே, முதல்நிலைத் தேர்வில் இத்தனை முறைக்குள் இவ்வளவு மதிப்பெண் வராவிட்டால் வேறு வழி என்று எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கணும்.

5

முடிவை மனிதர்களிடமிருந்து பிடுங்கிச் சூத்திரத்திடம் கொடுத்துவிட்டால் சாதி ஒழியுமா? இந்தக் கேள்வியை இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பால் மீல் என்கிற உளவியலாளர் 1954இலேயே, அனுபவசாலியின் கணிப்பைவிட எளிய கணக்குச் சூத்திரம் பெரும்பாலும் சமமாக அல்லது மேலாக இருக்கிறது என்று காட்டினார். இன்னொரு பக்கம், தோரட், அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பெயர் போதுமாயிருந்தது. இதைப் படித்த பிறகு, பெயரே தெரியாத சூத்திரம் தேவலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் சூத்திரம் எதைப் படித்து வளர்கிறது? பழைய லெட்ஜரை. அதில் காலிக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. கடன் மதிப்பெண் 300 முதல் 900 வரை என்கிறார்கள். வங்கியே கடன் கொடுக்காத தெருவில் பிறந்தவருக்கு மதிப்பெண் குறைவு என்பதில்லை, மதிப்பெண்ணே இல்லை. வரலாறு இல்லாதவர் என்று எழுதுவார்கள்! நமக்குப் பழக்கமான சொல்தான். ஆகவே என் நிலைப்பாடு இது: சூத்திரத்தை வைத்து வாதாட முடியும், முகச்சுளிப்பை வைத்து வாதாட முடியாது. ஆனால் சூத்திரத்துக்குள் என்னென்ன போட்டார்கள், தவறான மறுப்புக்கு என்ன விலை போட்டார்கள் என்பது திறந்திருக்க வேண்டும். விலை போடுவது கணக்கு அல்ல, அரசியல். கோட்பாடு அந்த இடத்தில் பேசாமல் நின்றுவிடும். அங்கே பேச வேண்டியது நாம்.

அரசியல் என்றதும் ஒன்று. அம்பேத்கர் 1935 அக்டோபர் 13ஆம் தேதி இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14, நாக்பூரில். இடையில் இருபத்தொரு வருஷம். தயங்கினார் என்று அன்றைக்கும் பேசினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எது கூடாது என்பதை முதலில் மூடினார். பிறகு எதெல்லாம் முடியும் என்கிற பட்டியலை விரித்தார். சீக்கியம் உள்பட ஒவ்வொன்றாக எடுத்து, அதில் போனால் நம் மக்களுக்கு என்ன ஆகும் என்று எடை போட்டார். மற்றவர்கள் நமக்குக் கொடுத்த இரண்டு வழியோடு திருப்திப்படாமல் மூன்றாவது, நான்காவது வழியைத் தாளில் சேர்ப்பதுதான் இந்தக் கோட்பாட்டின் முதல் படி. எந்தப் பெருக்கலும் அதற்குப் பிறகுதான்.

முடிக்கிறேன். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பெரிய முடிவு எடுக்கும்போது நான்கு வரி எழுதுங்கள்: என்னென்ன வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தேன், அது பலிக்க நூற்றுக்கு எத்தனை என்று நினைத்தேன், எந்தத் தகவல் கிடைத்தால் மனதை மாற்றியிருப்பேன். ஆறு மாசம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். நல்ல முடிவுக்குக் கெட்ட விளைவு வரலாம், மழை பொய்க்கலாம், மாடு சாகலாம். நம்மாள் ஒருவருக்கு விளைவு கெட்டால் ஊர் என்ன சொல்லும்? 'இவனுக்கு எதுக்கு இந்த வேலை' என்று ஆளையே தீர்த்துவிடும். நோட்டு கையில் இருந்தால், நான் எடுத்த முடிவு அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சரியானதுதான் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். மேலிடத்துக்கும் எழுத்தில் சொல்லலாம்.

டீ நேரத்தில் 'பத்துல எட்டு பேரு' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகாதீர்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'மொத்தம் எத்தனை பேர் வாங்கினாங்க, சார்?' என்று கேளுங்கள்.